வாய் ‘ஹாங்’, தலை ‘நஹி’

மும்பை மின்ரயிலில் செம்பூரில் ஏறி வாஷியில் இறங்கும்வரை, லேடீஸ் பெட்டியில் எனக்கு எதிரே உட்காருவார் அந்த அக்கா. பெயரைக் கேட்டதில்லை. கயிற்றில் தொங்கும் கண்ணாடி, மடியில் டிபன் பை, வாயில் எப்போதும் ஒரு பொது அறிவுக் கேள்வி. டிவியில் வரும் இந்தி வினாடி வினாவில் ஒருநாள் உட்கார்ந்தே தீருவேன் என்பார்.

அதன் தேர்வுக்கு அழைப்பு வந்ததும், பயிற்சிக்காக என்னைத் தொகுப்பாளராக்கினார். கேள்வி கேட்டேன். சரியாகச் சொன்னார். “லாக் பண்ணலாமா?” என்று, இதுதான் இறுதிப் பதிலா என்னும் அந்த நிகழ்ச்சிக் கேள்வியை இந்தியில் கேட்டேன். நம் ஊர் வழக்கப்படி ‘சரி’ என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். பக்கத்திலிருந்த மராத்திப் பெண்மணி, வேண்டாம் என்கிறார் என்று நினைத்து வேறு பதிலை யோசிக்கச் சொன்னார்.

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. “ஏட்டி, டிவிக்காரனும் இப்படி நெனச்சிட்டா?”

“தலையை ஆட்டாம, வாயால ‘ஹாங்’னு சொல்லுங்கக்கா.”

“வாய் ‘ஹாங்’குது. தலை அது பாட்டுக்கு ‘நஹி’ங்குது. கழுத்த வெட்டிட்டா போகச் சொல்லுத?”

மறுநாளிலிருந்து மேலும் கீழுமாக ஆட்டிப் பழகினார். எதிரே நின்ற பெண்கள் தாங்கள் பேசுவதைத்தான் ஆமோதிக்கிறார் என்று நம்பி, மாமியார் கதைகளையெல்லாம் அவரிடம் கொட்டினார்கள்.

தேர்வு முடிந்த திங்கட்கிழமை, “என்னாச்சுக்கா?” என்றேன்.

“லாக் பண்ணவான்னு கேட்டான். தலை மேலயும் கீழயும் கிண்ணுனு ஆடுச்சு, பாத்துக்கோ. பதில்தான் தப்பு.”

நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள், வாழ்த்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். குலுக்கினேன். எதற்காகக் குலுக்கினேன் என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.