அக்காவுக்குப் போட்ட ஊசி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணிக்குத் தும்மலும் இருமலும் வியாதியில்லை, சோம்பேறித்தனம். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தால்தான் நம்புவார். அதனால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மருந்து கேட்பதில்லை, ஊசிதான் கேட்பார்கள். மிக்சரை மட்டும் ஊற்றிக் கொடுத்தால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கப் பேச்சாகிவிடும்.

பெனிசிலின் வந்த புதிது. அக்காவுக்குக் காலில் புண் பழுத்தபோது அந்த ஊசியைப் போட்டார்கள். புண் ஆறியது. கூடவே உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரித்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். உள்ளே கிடந்த சூடு வெளியே வருகிறது, நல்ல மருந்து என்றாள். நல்லது நடந்ததை யார் போய் டாக்டரிடம் முறையிடுவார்கள்?

அடுத்த மழைக்காலத்தில் அக்காவுக்கு வெறும் தடுமன், மூக்கு ஒழுகியது. டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் இல்லை, எங்களோடு பேசத்தான் அவருக்கு என்றைக்கும் நேரமில்லை.

“தடிமன்தானே. ஊசி வேண்டாம், போ” என்றார். ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் விளங்காத ஜென்மங்களா நாங்கள்?

“ஊசி போடாம அனுப்பாதீங்கய்யா. கங்காணி நம்ப மாட்டாரு. போன தடவ போட்டீங்களே, அதையே போடுங்க” என்று அம்மா கும்பிட்டாள்.

வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். அவர் அலுத்துக்கொண்டே போட்டார். போன தடவை உடம்புக்கு என்ன செய்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

வாசலைத் தாண்டுவதற்குள் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முகம் வீங்கியது. மூச்சுக்குத் தவித்தாள். ஐயா ஓடிவந்து தரையிலேயே உட்கார்ந்து வேறு மருந்து ஏற்றினார். பலிக்கவில்லை. தை மாதம் கல்யாணத்துக்குப் பேசியிருந்த பெண், என் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள். அவளை நினைத்து நான் அழாத மழைக்காலம் இல்லை.

ஐயா ஊசியைத் தரையில் வைத்தார். அப்போதுதான் கேட்டார்.

“முந்தி ஊசி போட்ட நேரம் பிள்ளைக்கு மேலெல்லாம் தடிச்சதோ, அம்மா?”

எங்களில் ஒருத்தியை அவர் அம்மா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அம்மா அழுகையை நிறுத்தினாள். அவர் இன்னும் ஏதோ செய்யப்போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

“ஆமாங்கய்யா, சூடெல்லாம் வெளிய வந்துச்சுங்க. அவளுக்கு ஒத்துக்கிட்ட ஊசிங்க அது. இன்னொண்ணு போடுங்கய்யா, எந்திரிச்சிருவா.”