அவள் வாசித்தாள், நான் தட்டினேன்

ஜெயராணி போய்விட்டாள்.

காலையில் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் வந்த செய்தி. என் லேப்டாப்தான் வாசித்துச் சொன்னது, கரண்ட் பில்லை வாசிக்கிற அதே குரலில்.

அந்தக் குரலை அதில் ஏற்றிக் கொடுத்தவளே அவள்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் இங்கிலீஷ் எடுத்த பள்ளிக்கூடத்தில் அவள் கம்ப்யூட்டர் டீச்சர். என்னைவிட ரொம்பச் சின்னவள்.

என் கணவர் காலமான பிறகு தென்காசி வீட்டில் தனியாக இருக்கிறேன். கண் மங்கிவிட்டது. இனி வாசிக்க முடியாதென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு மஸ்கட்டுக்கு வாருங்கள் என்று மகன் முடிவாகச் சொல்லிவிட்டான். அங்கே போய், யாராவது வாசித்துச் சொல்லும்வரை காத்துக்கொண்டு... என்னால் ஆகாது.

ஜெயராணியிடம் சொன்னேன். சீசன் கூட்டம். குற்றாலத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். தலையில் ஸ்கார்ஃப். கீமோ நடந்துகொண்டிருந்தது. அவளும் அதைப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய லேப்டாப், அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். திரையில் இருப்பதை வாசிக்கும் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால் ஒவ்வொரு முறையும் எர்ரர். அது ஏற வேண்டுமானால் அதற்குத் துணையாக இன்னொரு பேக்கேஜ் வேண்டுமாம். அந்த இன்னொன்று ஏறவே ஏறாதாம்.

மருந்தினால் அவள் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. ஒரு எழுத்தைத் தட்டினால் மூன்று விழுந்தது. நானோ கான்வென்ட்டில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள், கீபோர்டைப் பார்க்கத் தேவையில்லை. நாற்காலியை மாற்றிக்கொண்டோம். அவள் வாசித்தாள், நான் தட்டினேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாம் என்றேன்.

"சும்ம இரிங்க டீச்சர். அழிக்கதுக்கு முன்னால அது என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

ஒரு கமாண்ட் ஓடவில்லை. நடுவில் ஸ்பேஸ் விடவில்லை என்றாள். விட்டேன் என்றேன்.

"விடல டீச்சர். ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் சிவப்பு மையில வட்டம் போட்டியள்லா... இப்ப ஒங்களுக்கு இது போடுது."

விடவில்லைதான்.

அடுத்த தடவை வந்தபோதுதான் காரணம் பிடிபட்டது. சாஃப்ட்வேரை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்ற இணைய முகவரிகளுக்கு நடுவே, பழைய லினக்ஸ் வெர்ஷனுக்கான முகவரி ஒன்றை முன்பு யாரோ சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வெர்ஷன் பேக்கேஜும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அந்த வரியை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். அப்டேட் செய்தோம். மறுபடி இன்ஸ்டால். எர்ரர் இல்லை என்றாள்.

லேப்டாப் பேச ஆரம்பித்தது.

"வால்யூமக் கூட்டி வச்சிக் கேளுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போனாள். கூட்டி வைத்தேன். அதையும் மீறி அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

அன்று மாலையே மகனுக்கு ஃபோன் செய்து, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் ஜெயராணி கூப்பிட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. இனி எர்ரர் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள்.

"உன்னைத்தான்" என்றேன்.

 

"சாப்பிட்டியளா டீச்சர்?" என்றாள்.

இன்று மாலை அடக்கம். கிளம்பிக்கொண்டிருக்கிறேன். அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் போய் நிற்பேன்.

போய் வாம்மா, ஜெயராணி.