மனைவிக்குப் பின்னால் ஓடிய மாதங்கள்

இலங்கையில் யுத்தம் முடிந்த வருடம், மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை நான் சோபாவில்தான் இருந்தேன். டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற சிறு ஊரில் ஒரு துணி ஆலையில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருவேன், சப்பாத்தைக் கழற்றுவேன், டிவிக்கு முன்னால் இருப்பேன். செய்தியில் எங்களைப் பற்றி எதுவும் வராமல் போய்விட்ட பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியின் தங்கை இரண்டு பிள்ளைகளோடு வவுனியாப் பக்கத்தில் முள்ளுக்கம்பி போட்ட முகாமில் இருந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்பது தெரியும். எப்போது வெளியே விடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

டொக்டர் என் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சீனி ஏறியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்றார். வீட்டில் வந்து சொன்னேன். அடுத்த சனிக்கிழமை மனைவி இரண்டு சோடி ஓட்டச் சப்பாத்துகளோடு கடையிலிருந்து வந்தாள்.

"நடக்கத்தானே சொன்னவர்?" என்றேன்.

"நடந்தால் கதைப்பம். கதைச்சால் அதைத்தான் கதைப்பம். ஓடினால் வாய் திறக்கேலாது," என்றாள். "வாங்கோ."

முதல் நாள் நான் ஓடியது எங்கள் வீட்டிலிருந்து பேக்கரி வரைக்கும். அங்கே விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியதில் கண் இருட்டியது. மனைவி பக்கத்தில் நின்று, இடுப்பில் கைவைத்தபடி, கூந்தலை இறுக்கி முடிந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை.

"உமக்கு இளைக்கேல்லையே?"

"நான் பள்ளிக்கூடத்தில எண்ணூறு மீற்றர் ஓடினனான். விளையாட்டுப் போட்டியில மூண்டு வருசம் முதலாவது."

கலியாணமாகிப் பதினாறு வருடம். எனக்கு அது தெரியாது. "ஒரு நாளும் சொல்லேல்லையே?" என்றேன்.

"பொம்பிளை பாக்க வந்தவையளிட்ட அதையே சொல்லுறது?" என்று சிரித்துவிட்டு, திரும்பி வீட்டை நோக்கி ஓடத் தொடங்கினாள். நான் பின்னால் நடந்து போனேன்.

முதல் இரண்டு கிழமை வெட்கம்தான் பெரிய பாரம். இந்த ஊரில் தமிழர்கள் ஒருவரை ஒருவர் காரிலிருந்தே அடையாளம் காண்பார்கள். ஒரு மாலை ஆலையில் என்னோடு வேலை செய்பவன் காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான்.

"அண்ணை, என்ன பிரச்சினை? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்."

"பிரச்சினை ஒண்டும் இல்லைத் தம்பி. சும்மா ஓடுறம்."

"சும்மாவோ? அக்காவுமோ?"

அக்கா அதற்குள் மூலை திரும்பிவிட்டாள். அவன் நம்பாமல் கொஞ்சத் தூரம் என்னோடு மெதுவாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். அன்று இரவு மூன்று வீடுகளிலிருந்து போன் வந்தது, எல்லாம் சுகம்தானே என்று கேட்டு.

அதன் பிறகு ஊருக்கு வெளியே இருக்கும் காட்டுக்குப் போகத் தொடங்கினோம். செப்டெம்பர் பாதியில் அங்கே காற்று மாறியது. குளிர் வந்தது, ஆனால் கடிக்கும் குளிர் இல்லை. முகத்தைக் கழுவிவிட்டாற்போல இருக்கும். ஈர மண்ணும் காளானும் சேர்ந்த ஒரு மணம். இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தும் இலையுதிர்காலத்தை ஜன்னலுக்கு இப்பால் நின்று, சூடேற்றியைத் திருகிக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன். இப்போது அதற்குள் இறங்கி ஓடினேன். பீச் மர இலைகள் முதலில் ஓரங்களில் மஞ்சளாகி, பிறகு முழுவதும் செம்பு நிறமாகி, பாதையெல்லாம் கொட்டிக் கிடந்தன. மிதித்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம். மழை பெய்த மறுநாள் சத்தமே வராது, கம்பளத்தில் ஓடுவது போல இருக்கும். ஓடி நின்றால் என் தோள்களிலிருந்து ஆவி பறக்கும். என் உடம்புக்குள் இவ்வளவு சூடு இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம்.

ஒரு பண்ணை வீட்டு வாசலில் ஆப்பிள் நிறைந்த மரப்பெட்டி வைத்து, இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக் கடித்துக்கொண்டே திரும்புவோம். புளிக்கும், பல் கூசும். அவ்வளவு ருசியான பழத்தை நான் காசு கொடுத்து வாங்கியதில்லை. மகளையும் ஒருநாள் கூப்பிட்டோம். அவள் என் ஓட்டத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, அப்பா நீங்கள் நடந்தால் இன்னும் வேகமாகப் போவீர்கள் என்று டெனிஷில் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

ஒக்டோபரில், பள்ளிக்கூட விடுமுறைக் கிழமையில் ஒரு காலை, போன் அடித்தது. மனைவி எடுத்தாள். "ஓம்... ஓம்... எங்க நிக்கிறாய்?" என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"விட்டுட்டாங்கள். மூண்டு பேரும் யாழ்ப்பாணம் வந்திட்டினம். மாமி வீட்டில நிக்கினம்."

நான் எழும்பிப் பக்கத்தில் போவதற்குள் அவள் வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டு உடுப்போடு, மேலே மகளின் சிவப்பு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். நானும் ஓடினேன். அன்றைக்குத்தான் அவள் உண்மையில் எப்படி ஓடுவாள் என்று கண்டேன். அதுவரை எனக்காகக் காலைக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாள்! முழங்கால்கள் உயர்ந்து, கைகள் இடுப்போடு சேர்ந்து, தலை அசையாமல் போனாள். காட்டுப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு நான் வந்தபோது அவளைக் காணவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு மான் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது.

அங்கேயே நின்றேன். வேறு வழி இல்லை. கால்மணி நேரம் போயிருக்கும். முதுகுக்குப் பின்னால், மற்றப் பாதையிலிருந்து, இலை மிதிபடும் சத்தம் கேட்டது. காட்டை முழுவதும் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். முகம் முழுக்கக் கண்ணீர், வாய் முழுக்கச் சிரிப்பு. வந்த வேகத்தில் என் மேல் மோதித்தான் நின்றாள்.

"என்ன சொன்னவள்? சொல்லும்," என்றேன்.

"குளிச்சவளாம்," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. அவளுக்கு மூச்சு வாங்கி அன்றுதான் பார்த்தேன். "வந்த உடனே கிணத்தடிக்குப் போய், ஒரு மணித்தியாலம் அள்ளி அள்ளிக் குளிச்சவளாம். பிள்ளையள் கிணத்தடியை விட்டு வரமாட்டம் எண்டு அடம்பிடிச்சதுகளாம். மாமி கத்தினவவாம், தடிமன் பிடிக்கப்போகுது எண்டு."

அதைச் சொல்லி அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சத்தமாகச் சிரித்தது அப்போதுதான். பிறகு அழுதோம், காட்டுக்கு நடுவில், நாயோடு வந்த ஒரு டெனிஷ் அம்மா "ஹைய்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மரியாதையாக வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போகும் வரை.

திரும்பும்போது ஓடவில்லை, நடந்தோம். வழி முழுக்கக் கதைத்தோம். பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, தங்கைக்கு என்ன அனுப்புவது, மாமியின் வீட்டில் இடம் போதுமா என்று.

நவம்பரில் ஒரு ஞாயிறு, நான் அந்தக் காட்டை நிற்காமல் ஒரு தரம் சுற்றி வந்தேன். இலைகள் எல்லாம் கொட்டிவிட்டன; மரங்களுக்கிடையே வயல்வெளி வரைக்கும் தெரிந்தது. மனைவி எனக்கு முன்னால் என் பக்கம் திரும்பி, பின்பக்கமாக ஓடிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்று கையைத் தட்டினாள். முடித்ததும் நான் ஈரப் புல்லில் மல்லாந்து விழுந்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது. அவள் என் தலைமாட்டில் குந்தியிருந்து, "எழும்புங்கோ, முதுகு நனையுது," என்றாள்.

"நனையட்டும்," என்றேன்.