அட்டையின் நாலாவது கட்டம்

ஐந்தாம் அளவில் ஒரு ஜோடி இரும்புமுனைக் காலணி. தொழிற்பயிற்சிப் பள்ளியில் நாற்பத்தோரு பையன்களுக்கு நடுவே ஒரு நாற்காலி. பணிமனையில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை, அதன் சாவி. மூன்றாவது தடவையில் மெக்கானிக் உரிமம். ‘பொம்பளப் புள்ள குழிக்குள்ள இறங்குறதா?’ என்று கேட்ட மாமாவின் வாயாலேயே, ‘எங்க ஆபீஸ் லிஃப்டு நின்னுபோச்சு, கொஞ்சம் வந்து பாரும்மா.’

தங்கச்சி ஜெயித்தவை இவை. யார் கேட்டாலும் அக்கா இதே வரிசையில்தான் விரல் மடக்குவாள். காலணியை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏழாம் அளவுக்குக் கீழே காலணிக் கம்பெனி தைப்பதில்லை. இரண்டு வருடம் முனையில் பழந்துணியைத் திணித்துக்கொண்டு நடந்தவள், பதினேழு கடிதம் எழுதி ஐந்தாம் அளவை வரவழைத்தாள். பதினேழின் நகலும் அக்காவிடம் இருக்கிறது.

அக்கா படித்தது எட்டாம் வகுப்பு. மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பார்க்கிற வேலை. ஓடுகிற பட்டையில் எந்த அட்டையில் ஒரு மாத்திரை குறைகிறதோ, அதைக் கண்டு எடுத்து ஒதுக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக அவள் கண்ணிலிருந்து ஒன்றும் தப்பியதில்லை. தங்கச்சியின் காகிதங்களையும் அந்தக் கண்ணோடுதான் பாதுகாக்கிறாள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, மூலையில் பென்சிலால் தேதி.

தங்கச்சிக்கு வயது முப்பத்தாறு. லிஃப்டை ‘அவன்’ என்றுதான் சொல்வாள். எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். “மூணாவது மாடியில அவனுக்கு இருமல் வருது” என்பாள். போய்ப் பார்த்தால் மூன்றாவது மாடிக் கதவின் அடியில் ஒரு மரத்துண்டு சிக்கியிருக்கும். சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் பந்திக்கு ஆளைக் காணோம் என்று தேடினால், நல்ல புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். “சோறு எங்கயும் போகாது. அவன் பிரேக் போயிடும்” என்று பதில். அக்காவின் வீட்டுக்காரர், ‘என் கொழுந்தியாளைப் பெண் பார்க்க வருகிறவன் முதலில் எட்டு மாடி ஏறி இறங்கிக் காட்ட வேண்டும்’ என்று கேலி செய்வார். அவள் முகம் மாறாமல், “சத்தம் வராம இறங்கணும், அத்தான்” என்பாள்.

வேலை முடிந்ததும் லிஃப்டின் தரையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்திவைத்து, அடியிலிருந்து உச்சிவரை போய்த் திரும்புவாள். நாணயம் விழக் கூடாது. விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. “சீக்கிரம்மா” என்று வெளியே நின்று அவசரப்படுத்துகிறவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான்: “அவசரம்னா படி இருக்குண்ணே.”

அவள் பார்க்கிற லிஃப்டுகளில் பாதி ஆற்றுக்கு அந்தப் பக்கம், அதாவது பக்கத்து நாட்டில். நடுவே ஒரு பாலம். பாலத்தில் சிமெண்டு போகலாம், வெங்காயம் போகலாம், இந்தப் பக்கத் தொழிற்சாலையில் செய்த லிஃப்டே பெட்டி பெட்டியாகப் பிரித்து லாரியில் போகலாம். பண்டங்களுக்குத் தடை நீங்கி எத்தனையோ வருடம் ஆயிற்று. ஆனால் அதே லிஃப்டைச் சோதித்துக் கையெழுத்துப் போட அந்த நாட்டு உரிமம்தான் வேண்டும். இந்த நாட்டு உரிமம் அங்கே வெறும் காகிதம். “லிஃப்டுக்கு சலாம் போட்டு வழி விடுறாங்க. கூட வர்றவளைத்தான் நீ யாருன்னு கேக்குறாங்க” என்பாள் தங்கச்சி. பதினோரு வருடமாக அவளுடைய பாலத்து அனுமதிச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் இருந்த சொல் ‘உதவியாள்’.

யாருக்கு உதவியாள்? கையெழுத்து ஐயாவுக்கு. அந்தப் பக்கத்துக்காரர், உரிமம் உள்ளவர், நல்ல மனிதர், முழங்கால் இரண்டும் போனவர். ஒவ்வொரு லிஃப்டிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சோதனை அட்டை தொங்கும். வரிசைக்கு நாலு கட்டம்: கயிறு, பிரேக், கதவு, கடைசியில் சோதித்தவரின் கையெழுத்தும் தேதியும். முதல் மூன்றைத் தங்கச்சி நிரப்புவாள். நாலாவதைக் காலியாக விட்டு, ‘இயங்காது’ பலகையைத் தொங்கவிட்டுப் பேருந்து ஏறிவிடுவாள். மாலையில் ஐயா ஆட்டோவில் வந்து, வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்து அட்டையை வரவழைத்துக் கையெழுத்திடுவார். பலகை இறங்கும், லிஃப்ட் ஏறும். இந்தப் பக்கத்திலோ கம்பெனி முத்திரையோடு சரி. ஆக, தங்கச்சி பழுதுபார்த்த நூற்றுச் சொச்சம் லிஃப்டுகளில் ஒன்றிலும் அவள் பெயர் கிடையாது. இது அக்காவின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது, ஒரு மாத்திரை குறைந்த அட்டையைப் போல.

போன வருடம் அக்கம்பக்கத்து நாடுகள் ஐந்து கூடி, ஒரு நாடு கொடுத்த தொழில் உரிமத்தை மற்ற நாடுகளும் ஒரு செய்முறைத் தேர்வோடு ஏற்பது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. பண்டங்களுக்குத் திறந்த பாலம் இனி வேலை தெரிந்த கைகளுக்கும் திறக்கும் என்றது பத்திரிகை. அதில் வந்த தொழில்களின் பட்டியலை அக்கா அளவுகோல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். செவிலியர், நில அளவையாளர், பல் செட் செய்பவர் என்று போய்ப் பதினாலாவது வரியில் லிஃப்ட் மெக்கானிக். அடிக்கோடு போட்டு உறையில் வைத்தாள். அந்தப் பக்கம் போய் நாலு மணி நேரம் அந்தத் தேர்வைச் செய்துகாட்டி, தங்கச்சி ஒரே தடவையில் தேறினாள். சீட்டில் ‘உதவியாள்’ போய் ‘மெக்கானிக்’ வந்தது.

முதல் வேலையாக அந்தப் பக்கத்தில் ஓர் எட்டு மாடிக் கட்டிடம் கிடைத்தது. அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு அரை மனசு. ஆற்றைத் தாண்டி வருகிறவள் கையெழுத்தை நம்பி எப்படி ஏறுவது என்று கூட்டத்தில் கேட்டாராம். அதே தெருவில் இன்னும் ஒன்பது கட்டிடங்கள், இது எப்படி முடிகிறது என்று பார்த்துச் சொல்வதாகக் காத்திருந்தன. ஞாயிறும் திங்களும் கயிறு மாற்றுகிற வேலை. திங்கள் மாலைக்குள் லிஃப்ட் ஓட வேண்டும், ஏனென்றால் ஆறாவது மாடியில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். செவ்வாயும் சனியும் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவரால் ஆறு மாடி படி இறங்க முடியாது.

திங்கள் மூன்றரைக்கு வேலை முடிந்தது. நாணயம் விழவில்லை. தங்கச்சி மூன்று கட்டங்களை நிரப்பினாள், பலகையைத் தொங்கவிட்டாள், சாமானைக் கட்டிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டாள்.

பதினோரு வருடப் பழக்கம் கையை அப்படியே நடத்திக்கொண்டு போய்விட்டது. ஏழு மணிக்கு வீட்டில் கைபேசி அடித்தது. கையெழுத்து ஐயா. செயலாளர் பதறிப்போய் அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார், வழக்கம்போல வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்று. ஐயா மறுத்துவிட்டார்.

“அந்தக் கட்டம் இப்ப என்னோடது இல்லம்மா” என்றார். “நான் போட்டா உன் உரிமம் சும்மாதான்னு ஆயிடும். காலையில நீ வா.”

பாலம் ஆறு மணிக்கே மூடிவிடும். தங்கச்சி கைபேசியை வைத்துவிட்டுத் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா காகித உறைகளையெல்லாம் ஒரு பையில் அடுக்கினாள். கம்பெனிக்கு அரை நாள் விடுப்பு சொன்னாள். பத்தொன்பது வருடத்தில் முதல் விடுப்பு.

செவ்வாய் காலை பாலத்தில் அவர்கள்தான் முதல் வரிசை. அக்கா ஆற்றைத் தாண்டியதே இல்லை. கையில் உறைகளெல்லாம் அடங்கிய பை. அதிகாரி சீட்டைப் பார்த்து, என்ன விஷயமாகப் போகிறீர்கள் என்று கேட்டார். இத்தனை வருடம், நேற்றுகூட, தலையைக் குனிந்து ‘கூட வேலைக்கு’ என்று சொல்லிப் பழகிய தங்கச்சி நிமிர்ந்து, “லிஃப்ட சோதிக்கப் போறேன் சார்” என்றாள். அவர் தன் பட்டியலில் விரலை ஓட்டினார். பதினாலாவது வரி என்று அக்கா எடுத்துக்கொடுத்தாள். முத்திரை விழுந்தபோது மணி ஏழு பத்து.

கட்டிடத்து வாசலில் ஐயா காவலாளியின் நாற்காலியில் இருந்தார். கையெழுத்து வேலை போய்விட்டதே என்று அக்கா சங்கடத்தோடு விசாரித்தாள். அவர் சிரித்தார். ஆற்றுக்கு இவர்கள் பக்கத்தில் உள்ள கடைவளாகம் ஒன்றின் நகரும் படிகளைச் சோதிக்க அவரும் விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். “ஒப்பந்தம் ரெண்டு பக்கமும்தானேம்மா? நகரும் படின்னா என் முழங்காலுக்கும் நல்லது.”

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார். பழைய ஏற்பாடே போதும் என்று தான் அன்றைக்கே சொன்னதாகச் சொன்னார். தங்கச்சி சாக்குச் சொல்லவில்லை. “மறந்துட்டேன் சார். தப்பு என்னோடது.” அவர் அட்டையையும் பேனாவையும் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. மறுபடி லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்கினாள்.

செயலாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்றே எல்லாம் பார்த்தாயிற்றே, கையெழுத்துத்தானே பாக்கி என்றார். குழியிலிருந்து குரல் வந்தது: “நேத்து பாத்தது நேத்தோட சரி சார். கையெழுத்து இன்னைக்குப் போடுறேன்.” நாலு ஆள் சேர்ந்து ஓட்டுநரை நாற்காலியோடு இறக்கிவிடலாமே என்று அவர் மேலே ஆள் அனுப்பினார். படிவழியாகப் பதில் இறங்கி வந்தது: “இருபத்தெட்டு வருஷம் ஊரையே ஏத்தி இறக்கினவன்யா நான். என்னை மூட்டை மாதிரி இறக்காதீங்க. அந்தப் பொண்ணு பாக்கட்டும்.”

கயிற்றைப் பார்த்தாள். பிரேக்கைப் பார்த்தாள். ஒவ்வொரு மாடிக் கதவையும் மூடித் திறந்தாள். பை தோளை அறுக்க அக்கா கூடவே படியேறினாள். எட்டு மணி ஐந்துக்குத் தங்கச்சி நாணயத்தைத் தரையில் நிறுத்தினாள். இருவருமாக அடியிலிருந்து உச்சிக்குப் போனார்கள். அங்கிருந்து அடிக்கு வந்தார்கள், அடியிலிருந்து ஆறாவது மாடிக்கு. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. எதிரே நாற்காலியில் ஓட்டுநர், மடியில் ஆஸ்பத்திரிப் பை. அவர் முதலில் தரையைத்தான் பார்த்தார். நாணயம் நின்றுகொண்டிருந்தது. தடியை ஊன்றி எழுந்து ஒரு காலை எடுத்து வைக்கப் போனார். தங்கச்சி கையால் மறித்தாள்.

“ஒரு நிமிஷம்ண்ணே. இன்னும் ஏறக் கூடாது.”

கையைத் துணியில் துடைத்தாள், இரண்டு தடவை. பேனாவை உள்ளங்கையில் கீறிப் பார்த்தாள். அட்டையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நூற்றுச் சொச்சம் லிஃப்டுகளில் எழுதாத பெயரை, சுருக்கொப்பமாக இல்லாமல், அப்பாவின் முதலெழுத்தோடு முழுதாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். ஓட்டுநர் தடியில் சாய்ந்து பொறுமையாக நின்றார். அக்காவின் கண் அந்த வரியில் முன்னும் பின்னும் ஒரு தடவை ஓடியது. ஒன்றும் குறையவில்லை. பெயருக்குக் கீழே தங்கச்சி தேதியைப் போட்டாள்: மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை.