கைக்குழியும் நுனிக்குழியும்

மொன்டானாவில் பிளம் கிரீக் வட்டாரத்து மண்சாலைகளை முப்பத்தொரு வருடம் சமன்படுத்தியவர் ஆர்லன் ட்வைட். கோடையில் சரளை, குளிர்காலத்தில் பனி. மஞ்சள் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து இரண்டையும் ஒரே பொறுமையோடு ஓரங்கட்டினார். வாசலில் பனியை மலைபோல் குவித்துவிட்டுப் போனதற்காக வீட்டுக்காரர்கள் கத்தினாலும் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிற மனிதர். அப்படிப்பட்டவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில் முப்பத்தாறு வருட வயிற்றெரிச்சல் இருந்தது. அது ஒரு பழைய கட்டம்போட்ட சட்டைத் துணியில் சுற்றி, அவருடைய கொட்டகை அலமாரியின் இரண்டாம் தட்டில் கிடந்தது.

அது ஒரு குண்டு அச்சு. உள்ளங்கையில் அடங்கும் இரும்புக் கட்டி, இடுக்கி மாதிரி இரண்டு கைப்பிடி. உருக்கிய ஈயத்தை ஒருமுறை ஊற்றித் திறந்தால் கைத்துப்பாக்கிக்கு இரண்டு குண்டுகள் விழும். கைப்பிடி மரங்களில் ஒன்று பழசு. இன்னொன்று, அடுப்பில் விழுந்து கரிந்த பிறகு, உடைந்த மண்வெட்டிக் காம்பிலிருந்து ஆர்லன் செதுக்கிப் போட்டது. அதைப் பிடித்தால் கை தானாகப் போய் அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அச்சு அவருக்கு மட்டும் சொந்தமில்லை. டயர் கடை மிலோ ஸ்காரும் அவரும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. இரண்டு பேர், இரண்டு குழி. ஆளுக்கொன்று என்று ஆகிவிட்டது. காசைச் சுண்டிப் பார்த்ததில் கைப்பிடியை ஒட்டிய குழி மிலோவுக்கு, நுனியில் இருப்பது ஆர்லனுக்கு. விழுந்த குண்டுகள் கலந்துவிடாமல் இருக்க மிலோ தன் குழியில், குண்டின் மூக்கு விழும் இடத்தில், ஊசியால் ஒரு கோடு கீறிக்கொண்டார். அன்று முதல் கோடு போட்ட குண்டு மிலோவுடையது, மொழுமொழுவென்று இருப்பது ஆர்லனுடையது. எந்தக் குழி நல்ல குழி என்று ஒருநாளும் அளந்து பார்ப்பதில்லை என்றும் அன்றே பேசிக்கொண்டார்கள். அளந்தால் சிநேகம் கெட்டுப்போகும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

ஒவ்வொரு நவம்பரிலும் ஊர் சுடும் கழகத்தில் வான்கோழிப் போட்டி நடக்கும். ஐம்பதடி தூரத்தில் குறி அட்டை, பத்துக் குண்டு, நூறு புள்ளி. ஜெயித்தவருக்கு உறைந்துபோன ஒரு வான்கோழி. ஆர்லன் எண்பத்தெட்டு எடுத்தால் மிலோ தொண்ணூறு. ஆர்லன் மூச்சைப் பிடித்துத் தொண்ணூற்றொன்று எடுத்த வருடம் மிலோ தொண்ணூற்றைந்து எடுத்தார், அதுதான் அவருடைய உச்சம். மிலோ குடலிறக்கத்துக்குக் கத்தி வைத்துப் படுத்திருந்த வருடத்திலாவது ஜெயித்திருக்கலாம், அந்த வருடம் பனிப்புயலில் போட்டியே நடக்கவில்லை.

"எல்லாம் குழி பண்ற வேலை. அவனுக்குக் கைக்குழி வாய்ச்சிருக்கு, எனக்கு நுனி" என்பார் ஆர்லன், காப்பிக்கடையில், அட்டையைப் பார்த்தவர்களிடமெல்லாம். கேட்டுக் கேட்டு ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. சீட்டுக் குலுக்கலில் யாருக்காவது பரிசு விழுந்தால், யாருடைய கோதுமை மட்டும் ஆலங்கட்டி மழைக்குத் தப்பினால், "அவனுக்கென்னப்பா, கைக்குழிக்காரன்" என்பார்கள். அச்சைக் கண்ணால் பார்க்காதவர்களும் சொன்னார்கள். ஊர்ப்பேச்சில் ஒரு வார்த்தையைச் சேர்த்த பெருமை ஆர்லனுக்கு உண்டு. வான்கோழிதான் இல்லை.

எரிச்சல் இருந்ததே தவிர அச்சின்மேல் பிரியம் குறையவில்லை. கடைக்கு வரும் வண்டிச் சக்கரங்களில் சமநிலைக்காக மாட்டியிருந்து கழற்றிய ஈயத் துண்டுகளை மிலோ ஒரு வாளியில் கொண்டுவருவார். ஆர்லன் ஜன்னல்களைத் திறந்துவிட்டு அடுப்பை மூட்டுவார். ஈயம் ஒட்டாமல் இருக்கக் குழிகளுக்குப் புகை பிடிக்க வேண்டும், அதற்குப் பிறந்தநாள் மெழுகுவத்திதான் சரி என்பது மிலோவின் சித்தாந்தம். ஆர்லனின் நாற்பதாவது பிறந்தநாளன்று கேக்கை எடுத்துக்கொண்டு வந்த அவர் மனைவி கோரின், டப்பாவில் ஒரு மெழுகுவத்திகூட இல்லாததைக் கண்டு கொட்டகைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"நாப்பதும் அந்த இரும்புக்குத்தான் ஆச்சா? அப்ப அதையே கட்டிப்பிடிச்சு ஊது" என்றாள்.

ஊற்றுவது ஆர்லன், பொறுக்குவது மிலோ. ஆர்லன் அடுப்பைப் பார்த்து நிற்பார், அவருக்குப் பின்னால் மிலோ பால்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பார். அச்சைத் திறந்து இடதுபக்கம் விரித்த துண்டின்மேல் தட்டுவது ஆர்லன் வேலை. ஆறியதை எடுத்து, சுருக்கம் விழுந்ததையும் மூளிப்பட்டதையும் தகரத்தில் போட்டு, நல்லதை இரண்டு காப்பி டப்பாக்களில் பிரிப்பது மிலோ வேலை. தகரத்தில் சேர்ந்தது கடைசியில் திரும்ப உருகப் போகும். கொதிக்கும் ஈயத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பதால் ஆர்லன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. தன்னுடைய டப்பா எப்போதும் நிறைய, மிலோவுடையது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். கணக்கு உதைக்கவில்லையா என்றால், உதைத்தது. மிலோ போகிற போக்கில் தன் குண்டுகளில் இரண்டு பிடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரகசியமாகச் சுட்டுப் பழகுகிறார் என்று ஆர்லன் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

முப்பத்தாறாவது வருடம் ஆகஸ்டில் மிலோ டயர் கடையைப் பூட்டினார். கண்பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. சுற்றிலும் இருப்பது தெரியும், எதைப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது. முதல் பனிக்கு முன்னால் அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போவதாக முடிவாயிற்று.

"அச்சு உங்கிட்டயே இருக்கட்டும்டா. அந்த வெயில்ல எனக்கெதுக்கு இன்னொரு அடுப்பு?" என்றார் மிலோ.

ஆர்லன் சரி என்றார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சிநேகிதன் போகிற துக்கம் ஒருபக்கம். அதற்குள்ளேயே இன்னொன்று முள்ளாகக் குத்தியது. முப்பத்தாறு வருடம் தோற்றது குழியாலா, கையாலா? மிலோ போவதற்குள் தெரிந்தாக வேண்டும். போன பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம், யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசியில், அளப்பதில்லை என்ற பழைய பேச்சை மீறினார். தான் வேலை பார்த்த பணிமனையில் மைக்ரோமீட்டர் என்கிற நுண்ணளவுக் கருவியை இரவல் வாங்கிவந்து, தனியாக ஈயம் ஊற்றி, உருப்படியாக விழுந்ததில் ஐந்து கோடு போட்டது, ஐந்து மொழுமொழு என்று எடுத்து, திருப்பித் திருப்பி அளந்தார். ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. சமையலறைத் தராசில் போட்டார். எடையும் ஒன்றே.

வீட்டுக்குள் வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்த அவர் முன்னால் கோரின் மான்கறித் தொத்திறைச்சியை வைத்தாள்.

"ஏன், யாரு செத்தா?"

"குழியில ஒண்ணும் இல்ல கோரின். ரெண்டும் ஒண்ணு."

"அதுக்கென்ன?"

"அப்ப கைதான். எனக்குச் சுடத் தெரியல. ஊர் பூரா வாய் கிழியப் பேசிருக்கேன்."

கோரின் சிரிக்கப் போனவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "மிலோகிட்ட சொல்லிடு. இல்லேன்னா அது உன்னைத் தின்னுரும்" என்றாள்.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை காலை, கடைசியாக ஒருமுறை வார்ப்பதற்கு மிலோ வந்தார். ஆர்லன் அவரை வழக்கமான இடத்தில் உட்கார வைக்கவில்லை. கண்ணுக்கு வெளிச்சம் வேண்டுமே என்று பால்பெட்டியை ஜன்னலோரம், அடுப்புக்கு நேர் எதிரில் போட்டார். வாசலில் நின்ற கோரின், மிலோ அடுப்பில் கை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"மொதப் பத்தும் சுருங்கித்தான் விழும். அச்சு சூடேறட்டும்" என்றார் மிலோ, ஏதோ ஆர்லனுக்குத் தெரியாததுபோல.

ஆர்லன் ஊற்றினார், தட்டினார். கொஞ்ச நேரத்தில் கரண்டியை நிறுத்திவிட்டு, அளந்த விஷயத்தைச் சொல்ல வாயெடுத்து நிமிர்ந்தார். எதிரில் மிலோவின் கைகள் தெரிந்தன. மிலோ ஒரு குண்டை எடுத்து மூக்கில் நகத்தை ஓட்டினார். கோடு இருந்தது. உடனே அதைக் கவிழ்த்து அடிவிளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார், தகரத்தில் எறிந்தார். அடுத்ததை எடுத்தார். கோடு இல்லை. அப்படியே ஆர்லன் டப்பாவில் போட்டார். அடுத்தது கோடு. சுற்றினார், எறிந்தார். அடுத்தது கோடு இல்லை. டப்பாவில் விழுந்தது.

"மிலோ."

"ம்."

"என்னோடத ஏன் தடவிப் பாக்கல?"

"எதுக்கு?"

"உன்னோடத மட்டும் தடவுற?"

"அடி விளிம்பு துளி மூளியா இருந்தாலும் குண்டு நேராப் போகாதேடா. அதான் பாக்குறேன்."

"அப்ப என்னோடது நேராப் போக வேணாமா?"

மிலோ தலையைச் சாய்த்து, ஆர்லனின் முகம் கண்ணோரத்தில் தெரியும்படி வைத்துக்கொண்டார். "அது உன்னோடதுடா. அடுத்தவன் குண்டை நான் எப்படித் தூக்கிப் போடுவேன்? வீட்டுல நீ பாத்துக்குவ இல்ல?"

"நான் ஒருநாளும் பாத்ததில்ல."

"ஒருநாளுமா?"

"நீ பாத்துட்டேன்னு நெனச்சேன்!"

மிலோ கையிலிருந்த குண்டைக் கீழே வைத்தார். "முப்பத்தாறு வருஷமா மூளிக் குண்டை வெச்சுக்கிட்டா எனக்கு ரெண்டு, நாலு புள்ளி பக்கத்துல வந்துக்கிட்டிருந்த?"

"பின்ன?"

"அடப்பாவி!"

முதலில் சிரித்தது கோரின். பிறகு மிலோ சிரித்தார், இருமினார், துண்டால் கண்ணைத் துடைத்தார். ஆர்லனுக்கு மட்டும் சிரிப்பு வரத் தாமதமாயிற்று. வந்த பிறகு நிற்கவில்லை. முப்பத்தாறு வருடமாக மரியாதை பார்த்தே ஒருத்தன் அவரைத் தோற்கடித்திருக்கிறான். யார்மேல் கோபப்படுவது?

"இன்னிக்கு ஒருநாள் என்னோடதையும் பாருடா" என்றார் ஆர்லன்.

"நீ கேட்டா பாக்குறேன்" என்று மிலோ டப்பாவை மடியில் கவிழ்த்துக்கொண்டார். நூறில் நாற்பத்திரண்டு தகரத்துக்குப் போயிற்று. ஒவ்வொன்றாக எறியும்போதும் "இதால எண்பத்தேழுல தோத்த", "இதால தொண்ணூத்தி நாலுல" என்று வருடத்தைச் சொல்லிச் சொல்லி எறிந்தார்.

நவம்பர் போட்டியில் ஆர்லன் தொண்ணூற்றாறு எடுத்தார். அட்டையை மூன்று பேர் எண்ணிப் பார்த்தார்கள். வான்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், அதைக் கீழே வைக்காமலே அரிசோனாவுக்குப் போன் போட்டார்.

"தொண்ணூத்தாறு."

மிலோ உடனே கேட்டார்: "எந்தக் குழி?"

"என் குழிதான்."

"நல்ல குழிடா அது."

"உன் உச்சத்தவிட ஒண்ணு கூட, மிலோ. கைதான்டா. என் கை நல்ல கைதான்."

"தெரியும்டா."

"நான் மொதல்ல வந்தேன்."

"வருவ. நான்தான் வரலையே."

ஆர்லன் வான்கோழியை மேசைமேல் இறக்கி வைத்தார். குளிர்கிறது என்று ஏதோ சொல்லிப் போனை வைத்தார். அந்த வான்கோழியைக் கோரின் எவ்வளவு பக்குவமாகச் செய்தும் அவர் இரண்டு துண்டுக்குமேல் எடுக்கவில்லை.

ஜனவரியில் மறுபடி அடுப்பை மூட்டினார். காப்பி கொடுக்க வந்த கோரின் நின்று பார்த்தாள். இரண்டு டப்பாக்களும் பழையபடி துண்டின் பக்கத்தில் இருந்தன. ஆர்லன் ஊற்றி முடித்துவிட்டு, ஜன்னலோரப் பால்பெட்டியில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். மொழுமொழு குண்டு வந்தால் கவிழ்த்து, அடிவிளிம்பைச் சுற்றிப் பார்த்து, பாதியைத் தகரத்தில் எறிந்தார். கோடு போட்டது வந்தால் தடவாமல் மற்ற டப்பாவில் போட்டார். அது நிறைந்து வழிகிற நிலையில் இருந்தது.

"அவனோடதையும் பாத்துப் போடேன், ஆர்லன்" என்றாள் கோரின்.

"அது அவனோடது. வந்து பாத்துக்குவான்" என்றார் ஆர்லன்.