குப்பையில் போட்டு எடுத்த பெயர்

"அத்விக்னா இன்னா அர்த்தம்மா?"

காட்டுப்பாக்கம் அங்கன்வாடியில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் குப்பம்மா டீச்சர் கேட்கும் முதல் கேள்வி பெயரின் அர்த்தம்தான். ஆதார், தடுப்பூசி அட்டை எல்லாம் அப்புறம். அன்றைக்கு வந்த இளம் தாய் கைப்பேசியைத் தட்டிப் பார்த்து, "தனித்துவமானவன் மேடம்" என்றாள். டீச்சர் தலையாட்டினார். "நல்ல பேரு. இவனோட சேத்து நாலு அத்விக் கீறானுங்கோ. நாலு பேரும் தனித்துவந்தான்."

டீச்சருக்கு ஐம்பத்தாறு வயது. குள்ள உருவம், வேக நடை. சாம்பார் சாதத்தில் உப்பு பார்க்காமல் பிள்ளைகளின் தட்டில் போட விடமாட்டார். எந்தப் பிள்ளையையும் சுருக்கிக் கூப்பிடவும் மாட்டார். "அத்து, பித்துன்னு கூப்டாதே. பெத்தவங்க யோசிச்சி வச்ச பேரு, முழுசா சொல்லு" என்று ஆயாவை அதட்டுவது எதிர்வீட்டில் இருக்கும் எனக்குக் கேட்கும்.

செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஊரில் பிறந்தவர். அவர் படித்த பள்ளியில் ஆறு குப்பம்மாக்கள். நெட்டை குப்பு, கடைக்கார குப்பு, மாறுகண் குப்பு என்று அடையாளம் வைத்துக் கூப்பிட்டால்தான் சரியான ஆள் திரும்புமாம். இப்போது வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வீடு வீடாகப் போகும் வேலையும் அவருக்கு உண்டு. அவர் பார்க்கும் பாகத்தில் ஆயிரத்துச் சொச்சம் பெயர். குப்பம்மா இரண்டே பேர். "ஒண்ணு நானு. இன்னொரு கெழவிக்கு எம்பது வயசு" என்பார்.

சென்ற தை மாதம் அவர் மகள் தேவிப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கோகுல்நாத் ஆவடிக்காரன். அப்பா ரகுநாதன் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸிலேயே முப்பது வருடம் இருந்த குடும்பம். பூந்தமல்லி அச்சகத்தில் பத்திரிகை மாதிரியைப் பார்க்க எல்லாரும் கூடினோம். பிழை திருத்துவது என் தொழில் என்பதால் டீச்சர் என்னையும் அழைத்திருந்தார்.

ரகுநாதன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க சொந்தக்காரங்க ஒரு மாதிரி. குப்பைன்னு பேரு பார்த்தா சிரிப்பாங்க. பத்திரிகையில மட்டும் குமுதான்னு போட்டுக்கலாமா?"

"அம்மா, ஒரு பேருதானேம்மா" என்றாள் தேவிப்பிரியா.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பேரு இல்லன்னா நான் இல்லீங்க. நான் இல்லன்னா உங்களுக்கு மருமவ ஏது?"

அதோடு எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார்.

பத்து நாள் ஆவடியிலிருந்து போன் வரவில்லை. வீட்டுக்குள் மகள் பேசவில்லை. கல்யாணம் நின்றுவிடும் என்றே தெருவில் பேசிக்கொண்டார்கள். கணவர் தசரதனும் போய்ச் சேர்ந்துவிட்ட வீடு. சமாதானம் பேச ஆளில்லை. நானே ஒருநாள் சாலையைக் கடந்து அங்கன்வாடிக்குப் போய், "டீச்சர், கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமே?" என்றேன். அவர் கீரையை ஆய்ந்துகொண்டே, "எதுல வேணாலும் உட்டுக்குடுப்பேன் சார். மண்டபம் அவங்க சொன்னது, சமையல் அவங்க சொன்னது. இது என் ஆத்தாளது" என்றார்.

பதினோராம் நாள் காலை மகளைக் கிளப்பிக்கொண்டு ஆவடிக்கே போனார். அங்கே நடந்ததைத் தேவிப்பிரியாதான் பிறகு எனக்குச் சொன்னாள்.

மாப்பிள்ளையின் அம்மா வசந்தா காபி கொண்டு வந்து வைத்தார். டீச்சர் அதைத் தொடவில்லை. "எனுக்கு முன்ன மூணு புள்ள எங்கம்மாவுக்கு. ஒண்ணும் தங்கல. நாலாவதா நான் பொறந்ததும் மொறத்துல வச்சி குப்பமேட்டுல போட்டுட்டாங்கோ. பக்கத்து ஊட்டு எல்லம்மா எடுத்துகினு வந்து, 'குப்பையில கெடந்துச்சி, வேணுமா?'ன்னு கேட்டுச்சி. எங்கம்மா ஒரு படி தவுடு குடுத்து என்னை வாங்கிச்சி. எமன் வந்து பாத்தாலும் குப்பைதானேன்னு போயிடணும்னு குப்பம்மாள்னு பேரு வச்சாங்கோ. போயிட்டான். கீறேன் பாருங்க."

வசந்தா மெதுவாகக் கேட்டார். "அந்த மூணு பிள்ளைக்கும் பேரு வச்சிருந்தாங்களா?"

"வச்சாங்களே. ராஜாத்தி, செல்வராணி, சௌந்தரம். அழகழகான பேரு."

அந்த மூன்று பெயரையும் தேவிப்பிரியாவே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாளாம். வசந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்து, "என்னங்க, அச்சகத்துக்குப் போன் போடுங்க" என்று குரல் கொடுத்தார்.

அடுத்த வாரம் மறுமாதிரி வந்தது. அச்சக மேசையில் நான் வரி வரியாகப் பார்த்தேன். தசரதன் பெயருக்குப் பக்கத்தில் 'திருமதி குப்பம்மா' என்று பளிச்சென்று இருந்தது. பிழை ஒன்றுமில்லை என்று டீச்சரிடம் நீட்டினேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினார். தம் பெயரின் கடைசியில், மற்ற எழுத்துகளைவிடச் சற்றுப் பெரிதாக, ஒரு 'ள்' சேர்த்தார்.