சுடாத சிவப்பு

அத்தை வரைந்த கிளாஸில் யாரும் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கும் புதுவீட்டுக்கும் பரிசாக வாங்கிப் போவார்கள். பெற்றுக்கொண்டவர்கள் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். "இவ கிளாஸை வாங்கினவன் தாகத்துலயே கிடக்க வேண்டியதுதான்" என்று மாமா கிண்டல் செய்வார். அத்தைக்கு அதில் பெருமைதான். பல்பு தொழிற்சாலையை மூடி அவளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, சமையலறை மேசையில் தானாகப் பழகிக்கொண்ட வேலை அது.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய நான் அவள் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தேன். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத எனக்கு, அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே ஒருமாதிரி இருக்கும். இடது கை விரல்களை கிளாஸுக்குள் விட்டுத் தாங்கிக்கொள்வாள். தூரிகை நகராது, கிளாஸ்தான் சுழலும். பச்சையும் நீலமும் தீட்டியபின் அடுப்பில் வைத்துச் சுடுவாள். அவள் வாங்கும் சிவப்பு சூட்டில் கறுத்துவிடும். அதனால் அதை மட்டும் கடைசியில் தீட்டி, சுடாமல் காயவிடுவாள். சுடாத சாயம் உரியும். ஆகவே வாய் படும் விளிம்பில் சிவப்பு வைக்கவே மாட்டாள்.

ஒரே ஒரு முறை வைத்தாள், அண்ணன் கல்யாணப் பரிசில். "விளிம்பு வரைக்கும் பழம் தொங்கணும் அத்தை" என்று அண்ணியாக வரவிருந்தவள் ஆசைப்பட்டாள். எப்படியும் அலமாரிக்குத்தானே போகப்போகிறது என்று அத்தையும் தீட்டிக் கொடுத்துவிட்டாள்.

அண்ணி ஏழு மாதமாக இருந்தபோது அத்தையும் நானும் பார்க்கப் போனோம். தண்ணீர் குடித்தபடியே சமையலறையிலிருந்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது. கையில் அந்த கிளாஸ்.

"பாத்தீங்களா அத்தை? மத்தவங்கல்லாம் பூட்டி வைப்பாங்க. நான் தினம் இதுலதான் குடிக்கிறேன். தண்ணி, பால், மாத்திரை, எல்லாம்."

அத்தை கிளாஸை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். ஒரு பக்கம் பழங்கள் கொத்துக்கொத்தாக இருந்தன. மறுபக்கம், உதடு படும் இடத்தில், வெறும் காம்புகள்தான் தொங்கின.

"பழமெல்லாம் எங்கம்மா?"

"நான்தான் தின்னுட்டேன் போல." அண்ணி சிரித்தாள். "ரெண்டு பேரு பசியில்ல!"

அத்தை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுவித் தருகிறேன் என்று ஏதாவது சொல்லி கிளாஸை எடுத்துப் போயிருக்கலாம். அப்படித்தான் செய்வாள் என்று நினைத்தேன்.

"அந்தச் சிவப்பு உள்ள போகக் கூடாதும்மா. டப்பாவுலயே போட்டிருக்கான். தெரிஞ்சேதான் வச்சேன். நீ குடிப்பேன்னு நினைக்கல."

அண்ணியின் கை வயிற்றுக்குப் போனது. சிரிப்பு இன்னும் முழுதாகக் கலையவில்லை.

"போன தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு, திரும்பப் பண்ணணும்னாங்க டாக்டர். ஏன்னு சொல்லல" என்றாள்.

"தெரிஞ்சே வச்சீங்களா?" உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டே வந்த அண்ணன் கத்தினான். "ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?"

அத்தை எழுந்து போனாள். வீட்டுக்குப் போய் அந்தச் சாய டப்பாவை எடுத்துக்கொண்டு, நாங்கள் அண்ணியை அழைத்துப் போயிருந்த ஆஸ்பத்திரிக்கு நேரே வந்து சேர்ந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. பெஞ்சின் கடைக்கோடியில் உட்கார்ந்தாள். அண்ணன் பைகளைத் தூக்கி நடுவில் வைத்தான்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "கூட ஒருத்தர்தான் வரலாம். யாரு வர்றீங்க?"

அண்ணன் எழுந்தான். அண்ணி அவன் கையை விலக்கினாள்.

"நீங்க இருங்க. அத்தை வரட்டும்" என்றாள், அத்தையின் முகத்தைப் பார்க்காமலே. "எனக்குள்ள என்ன போயிருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும்."